இடது மேல்மூலையில் ஒரு புள்ளி

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்பு மார்க்கிங் பென்சில் இருக்கும். பேனா இருக்காது. கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு வாங்குவார். ஆனால் அந்தச் சிவப்புப் பென்சில் இல்லாமல் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கக்கூடப் போக மாட்டார். எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவரில் எங்கெல்லாம் விரிசல் விட்டிருந்ததோ அங்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருப்பார். பில்டரின் ஆள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "சின்னப் பசங்க கிறுக்கி வெச்சிருக்காங்க போல" என்றான்.

"அந்தச் சின்னப் பையன் நான்தான். எழுபத்திரண்டு வயசு ஆகுது" என்றார் இவர். "முதல் மாடியில ஏழு, ரெண்டாவது மாடியில நாலு. எண்ணிட்டு வா. குறைஞ்சா நான் பொறுப்பு."

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். செய்து வரும் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே ஃபிளாட் வாங்கி வந்த பிறகும் அந்த இரண்டு சொற்கள் அவரை விடவில்லை. அசோசியேஷன் தலைவரின் குடியரசு தின உரை ரிஜெக்ட். தண்ணீர் கேன் போடுபவர் கொண்டுவந்த கேனில் பாதி ரிஜெக்ட். என் மனைவி கொடுத்தனுப்பிய மெதுவடைக்கு ஒருமுறை பாஸ் வந்தது. அதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். "சும்மா பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன் சார், எதுக்கு எல்லார்கிட்டயும் பொல்லாப்பு" என்று நான் சொன்னதற்கு, "பரவாயில்லைன்னு ஒரு முத்திரை எங்ககிட்ட கிடையாது தம்பி" என்றார்.

நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போன வருடம் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இறந்துபோனார். அந்த மகள் இதைப் படிக்கக்கூடும். படித்தால் யாரைப் பற்றி என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வக்கில்லை.

சாருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய வெளிநாட்டு விண்வெளிப் படங்கள். ராக்கெட்டில் போவார்கள், ஏதோ கிரகத்தில் இறங்குவார்கள், அங்கே அட்டையில் செய்த பாறை இருக்கும், ரப்பரில் செய்த ஜந்து இருக்கும். இப்போது வரும் படங்களை அவர் தொடவே மாட்டார். "எல்லாம் கம்ப்யூட்டர். இதுல என்னத்தை இன்ஸ்பெக்ஷன் பண்றது?" என்பார். பழைய படத்தில் மனிதன் கையால் செய்த பொருள் திரையில் இருக்கிறது. குக்கர் மூடியில் செய்த விண்கலம் என்றால் அது குக்கர் மூடிதான் என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. கேலி செய்வதற்காகப் பார்க்கிறவர் இல்லை. செய்தவன் கையைத் தேடிப் பார்க்கிறவர்.

அந்தப் படங்கள் ஹெச்.டி.யில் புதுசு பண்ணி ப்ளூ-ரே டிஸ்க்காக வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வரவழைத்தார். டிஸ்க் வந்த வாரம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வீட்டு ஹாலில் திரைச்சீலை இழுத்துவிடப்படும். எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைப்பார். நான் மட்டும் ஏன் என்றால், நான் 'அதே லைனில்' இருந்தேன்.

மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டி, போல்ட்டு நட்டு செய்யும் ஒரு பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனிகள் பழைய படங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அதில் இருக்கும் கீறல், தூசி, கறை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஊரில் நான் சினிமாவில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். சாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தப்பு எங்க இருக்குன்னு பாக்குறீங்க. அப்ப நீங்களும் இன்ஸ்பெக்ஷன்தான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை சார், நான் வெறும் துடைக்கிற ஆள் என்று சொல்லியிருக்கலாம். பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ரிஜெக்ட்தான். முதல் படத்தில் அறுபது வயது விஞ்ஞானிக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "என்ன தம்பி இது, பியூட்டி பார்லர் போயிட்டு வந்த கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கான். இவன் கவலைப்படுறான்னு நான் எப்படி நம்புறது?" என்றார். இன்னொன்றில் செவ்வாய் கிரகம் பச்சை நீலமாக இருந்தது. மூன்றாவது படத்தில் ராக்கெட்டைத் தொங்கவிட்ட கம்பி காணாமல் போயிருந்தது. இதில்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"முன்னாடி மூணு கம்பி தெரியும். நல்லாத் தெரியும். கம்பி தெரிஞ்சாத்தானே ஒருத்தன் ஸ்டூல் மேல ஏறி அதைக் கட்டினான்னு தெரியும்? இப்ப ராக்கெட் தானாப் பறக்குது. தானாப் பறந்தா எனக்கென்ன?"

டிஸ்க் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். மூன்று கம்பிகளைக் காணவில்லை, தயவுசெய்து விசாரித்துத் திருப்பி வைக்கவும் என்பது அதன் சாரம். அவர்கள் டிஸ்க்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, வருத்தம் தெரிவித்து வேறொரு டிஸ்க் அனுப்பினார்கள். அதிலும் கம்பி இல்லை. சார் இரண்டு டிஸ்க்கின் மேலட்டையிலும் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'கம்பி - 3' என்று எழுதி அலமாரியில் வைத்தார். நான் மோரைக் குடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் கம்பிகளைத் துடைத்தது எங்கள் ஹாலில், எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த டில்லிபாபு. அதையும் நான் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, படம் முடிந்த பிறகு, "அடுத்த மாசம் ஒண்ணு வருது தம்பி. அதுக்காகத்தான் நான் இந்த மெஷினே வாங்கினேன்" என்றார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

கல்யாணமாகி நாலு மாதம். குவார்ட்டர்ஸ் கிளப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்களாம். அந்த வாரம் போட்டது ஒரு விண்வெளிப் படம். பனிக் கிரகத்தில் ஆறு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஒரு லேடி டாக்டர் மட்டும் வட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிராணவாயு முள் இறங்கிக்கொண்டே வருகிறது. கண்ணை மூடுகிறாள். அவ்வளவுதான் படம்.

"எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு எந்திரிச்சோம். இவ மட்டும் சிரிச்சுகிட்டு வர்றா. என்னடின்னு கேட்டா, 'அதான் வர்றாங்களே'ங்கிறா. யாருன்னா, 'அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக. ஜன்னலுக்கு வெளியே, இடது பக்கம் மேல, ஒரு வெளிச்சம் நகர்ந்து வந்துச்சே, பாக்கலியா?'ங்கிறா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது தம்பி. அதனால அவ படத்தைப் பார்த்தா. நாங்கள்லாம் வசனத்தைக் கேட்டுகிட்டு இருந்தோம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூசின்னு சொன்னேன். புரொஜெக்டர்ல தூசி ஓடும், அதுடீன்னேன். வீடு வர்ற வரைக்கும் பேசல. வாசல்ல வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'உங்க உத்தியோகமே பாக்குறதுதானே?'ன்னு."

மறுநாள் ஞாயிறு அதே படத்துக்குத் தனியாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் இருந்தது. இடது மேல்மூலையில், மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் இருக்க, அது மட்டும் நாலு எண்ணும் நேரம் மெல்ல நகர்ந்தது. "தூசின்னா குதிக்கும் தம்பி. இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு வரும். இது நேர்க்கோட்டுல போச்சு. நான் வீட்டுக்கு வந்து, நான் ரிஜெக்ட் பண்ணது தப்புன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டேன். என் சர்வீஸ்ல ரிஜெக்ட் பண்ணதைத் திருப்பி எடுத்தது அது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் அது ஒரு வழக்குச்சொல்லாகிவிட்டது. மகளுக்குப் பரீட்சை போய்விட்டால், இவருக்கு பிரமோஷன் தள்ளிப்போனால், அந்த அம்மா, "இடது பக்கம் மேல பாருங்க" என்பாராம். அந்த அம்மா இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. "ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாள் பேச முடியல. நான் அழுதுகிட்டு நிக்கிறேன். விரலை மட்டும் தூக்கி..." என்று சார் தன் இடது பக்கம் மேலே காட்டினார். பிறகு எழுந்து போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார்.

என் கையில் இருந்த டம்ளரையும் அவர் வாங்கிக்கொண்டு போயிருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் கீழே போட்டிருப்பேன்.

எங்களுக்கு வேலை வரும்போது படத்தின் பெயர் வராது, எண் மட்டும் வரும். முழுப்படமும் வராது; துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். ஆனால் வட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணை மூடும் அந்தப் பெண்ணோடு நான் மூன்று நாள் இருந்திருக்கிறேன். அவளுக்கு ஜன்னல் அம்மா என்று பெயர்கூட வைத்திருந்தேன். நெகட்டிவில் ஒட்டிய தூசி படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எங்கள் சாஃப்ட்வேர் ஒரு ஃபிரேமை முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேம்களோடு ஒப்பிட்டு, எது இதில் மட்டும் புதிதாக ஓரிடத்தில் இருக்கிறதோ அதைத் தூசி என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். அசையாத நட்சத்திரம் தப்பித்துவிடும். நகரும் புள்ளி ஒவ்வொரு ஃபிரேமிலும் புது இடத்தில் இருக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொள்ளும். சரிதானா என்று பார்த்து ஒரு பட்டனைத் தட்ட வேண்டியதுதான் மனிதனின் வேலை. இடது மேல்மூலையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வட்டங்கள். எல்லாவற்றுக்கும் தட்டினேன்.

தெரியாமல் தட்டினேன் என்று சொல்லிவிட்டால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பாதியில் ஒரு கணம், இந்தத் தூசி என்ன இப்படி நேராகப் போகிறதே என்று எனக்குத் தோன்றியது. நன்றாக நினைவிருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. கோயம்பேட்டில் சேலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சார் கதை சொன்ன மறுநாள் ஆபீஸில் டில்லியிடம் சொன்னேன். அவன் கள்ளிக்குப்பத்துக்காரன், எங்கள் டீமில் மூத்தவன்.

"இன்னா மச்சான், அது டெலிவரி ஆயி ஆறு மாசம் ஆச்சு. இப்ப போய் கிளறிகினு கீறியே" என்றான். "வெள்ளையா கீதா? நகருதா? தூசி. அவ்ளோதான்."

"நேரா போச்சுடா."

"நேரா போற தூசி. உனக்கு இன்னாடா பேஜாரு?"

சர்வரில் பழைய ஸ்கேன் இன்னும் இருந்தது. துடைப்பதற்கு முந்தைய படத்தைத் திறந்து ஓட்டினேன். நாலு எண்ணினேன். சாரின் மனைவி சொன்னது சரி. ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது.

டிஸ்க் வந்த வாரம் சாரின் மகளும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். அதற்கு முந்தின வாரம் சார் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அயர்ந்து தூங்கி, பாத்திரம் கருகி, மாடியெல்லாம் புகை. தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்துவிடுங்கள் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். சார் அசையவில்லை. "பாலை வெச்சுட்டுத் தூங்குறது வேற, மறந்து போறது வேற. என் ஞாபகம் சரியா இருக்குற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

"எங்கப்பா சரியா இருக்கு? அந்த நகர்ற வெளிச்சத்தைக்கூட நீங்களும் அம்மாவும் சேர்ந்து கட்டிவிட்ட கதைன்னுதான் நான் நினைக்கிறேன். வீடியோ டேப்ல ரெண்டு தரம் பார்த்தோமே, இருந்துச்சா?"

"டேப்புல நட்சத்திரமே தெரியலம்மா. இது ஹெச்.டி. ஞாயித்துக்கிழமை நீயே பாரு. இருந்தா நான் இங்க. இல்லைன்னா உன்கூட வர்றேன்."

என் முன்னால்தான் இந்தப் பேச்சு நடந்தது. சனிக்கிழமை முழுக்க எனக்கு நேரம் இருந்தது. எதிர் வீடு, ஐந்து எட்டு எடுத்து வைத்தால் அவர் கதவு. போகவில்லை.

ஞாயிறு காலை திரைச்சீலையை இழுத்துவிட்டு, மூன்று பேருக்கு மோர் வைத்தார். கடைசிக் காட்சி வந்ததும் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். சிவப்புப் பென்சிலின் நுனி இடது மேல்மூலைக்குப் பக்கத்தில் தயாராக நின்றது. ஜன்னல் அம்மா கண்ணை மூடினாள். அவள் கன்னத்தில் ஒரு ரேகைகூட இல்லை; அதுவும் என் கைங்கரியம். வெளியே நட்சத்திரங்கள் துல்லியமாக, கழுவி வைத்த மாதிரி இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. சார் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். மூன்றாவது முறை வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீங்க இதே வேலையில இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க. இருந்திருந்தா தெரியுமா, தெரியாதா?"

"புது ஸ்கேன் அக்கா" என்றேன். "ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து எடுத்தது. இருந்திருந்தா தெரியாம போகாது."

கம்பெனி வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம். ரொம்ப நாள் அதையே காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது காரணமில்லை. அவர் வாயால் ரிஜெக்ட் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விளக்குக்கு அடியில் வைத்துப் பார்க்கிற பார்வை. நான் மோர் டம்ளரைப் பார்த்தேன். அவர் பார்வையை எடுத்துக்கொண்டு மகளிடம், "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. அவரும் இன்ஸ்பெக்ஷன்தான்" என்றார். பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்கினார்.

அடுத்த மாதம் முதல் தேதி கிளம்புவதாக ஏற்பாடாயிற்று. அந்த நாலு வாரத்தில் நான் பார்த்த மனிதர் வேறு ஆள். காலையில் என் வீட்டு மணியை அடித்து, "தம்பி, கேஸை அணைச்சேனா இல்லையான்னு கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்பார். போய்ப் பார்த்தால் அணைத்திருக்கும். எப்போதும் அணைத்துத்தான் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்து, பாதிப் படி இறங்கி, திரும்ப ஏறி வருவார். படிக்கட்டுச் சுவரில் புதிதாக ஒரு விரிசல் விட்டிருந்தது. நானே கூப்பிட்டுக் காட்டினேன். "பழசா இருக்கும் தம்பி. எனக்குச் சரியா நினைப்பில்ல" என்று தாண்டிப் போனார். ஒருநாள் அவசரத்தில் உப்பே போடாத ரவா உப்புமாவை என் மனைவி கொடுத்துவிட்டாள். பதறிப்போய் டப்பாவைத் திருப்பி வாங்கப் போனவள் அழாத குறையாக வந்தாள்.

"பரவாயில்லம்மாங்கிறாருங்க. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நான் அவளிடமும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டிஸ்க்குகள் எல்லாவற்றையும் இரண்டு அட்டைப் பெட்டியில் போட்டு என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். உங்கள் தொழிலுக்கு உதவும் என்று சொல்லியனுப்பினாராம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லா அட்டையிலும் சிவப்புப் பெருக்கல் குறி. 'முகம் மெழுகு.' 'செவ்வாய் பச்சை.' 'கம்பி - 3.' அந்த ஒரு படத்தின் அட்டையில் மட்டும் எதுவும் இல்லை. கோபமாகத் திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அதில் குற்றம் எதுவும் காணவில்லை. குற்றம் தன்னிடம் என்று முடிவு செய்திருந்தார்.

எங்கள் ஹாலுக்குள் போன் கொண்டு போகக் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். டில்லி பார்த்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெருசு ஊட்டையே காலி பண்ணிகினு போறாரா? ஒரு புள்ளிக்கோசரமா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "எடுத்துத் தொலை. நான் கதவாண்ட நிக்கிறேன். சீக்கிரம் மச்சான், மாட்டுனா ரெண்டு பேரும் காலி."

மானிட்டரில் பழைய ஸ்கேனை ஓடவிட்டுப் போனில் படம் பிடித்தேன். முதல் முறை சரியாக வரவில்லை. இரண்டாவது முறை வந்தது.

அடுத்த நாள் காலை லாரி கீழே நின்றது. சாமான்கள் எல்லாம் இறங்கியிருந்தன. காலியான ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் மிச்சம். அதில் சார் உட்கார்ந்திருந்தார். அக்கா லாரிக்காரரோடு கீழே பேசிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். பொங்கல், சேலம் பஸ், சிவப்பு வட்டங்கள், நேராகப் போகிறதே என்று எனக்குத் தோன்றியது, ஞாயிறு சொன்ன பொய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க ஞாபகத்துல ஒரு கோளாறும் இல்ல சார். அம்மா சொன்னது நிஜம். நான்தான் துடைச்சுட்டேன்" என்றேன். அழுதேன்.

போனை அவர் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, போனைச் சாய்த்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார், எந்தப் பொருளையும் பார்க்கிற மாதிரியே. ஒருமுறை பார்த்தார். நான் மறுபடி ஓட்டிக் கொடுத்தேன். மூன்றாவது முறை அவர் உதடு எண்ணியது. வலது கை சட்டைப்பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

"தெரியுதா சார்?"

"தெரியுது."

"நேரா போகுது பாருங்க."

"ம். போகுது."

கீழேயிருந்து அக்கா, "அப்பா, கிளம்பலாமா?" என்று கூப்பிட்டார். சார் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நாளாக நான் காணாத அந்தப் பிரியம் அவர் கண்ணில் இருந்தது. ஆறுதல் வேண்டியது எனக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

"அழாதீங்க தம்பி. நீங்க உங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். "பாஸ்."

"சார், அது தூசி இல்ல சார்..."

"தூசிதான்" என்றார், செருப்பைக் காலால் தேடிக்கொண்டே. "அன்னிக்கே அவகிட்ட சொன்னேன். கேக்கவே மாட்டேன்னுட்டா."